டேப்லெட்டில் படம் வரையப் பழகுவது: மதுரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் சனி, ஞாயிறுகளில் டிஜிட்டல் ஓவியம் சொல்லித் தருகிறேன். பள்ளிப் பிள்ளைகள், ஃபிளெக்ஸ் கடை டிசைனர்கள், மகளைக் கொண்டுவந்து விடும் சாக்கில் தாங்களும் உட்கார்ந்துவிடும் அம்மாக்கள் என்று பலரும் வருகிறார்கள். கேள்விகள் மட்டும் ஏறத்தாழ ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பதற்கு இங்கே மொத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. டேப்லெட் என்று நான் சொல்வது கம்ப்யூட்டரில் வயரால் இணைக்கும், தனிப் பேனாவோடு வரும் வரைபலகையை. படம் பார்க்கிற டேப்லெட் வேறு.

அக்கா, நான் மொபைலில் விரலாலேயே வரைகிறேன். டேப்லெட் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

உடனே வேண்டாம். இபிஸ் பெயின்ட் மாதிரி ஒரு ஆப்பில் லேயர் (கண்ணாடித் தாள்போல ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வரையும் அடுக்கு) எப்படி வேலை செய்கிறது, நிறத்தை எப்படி எடுப்பது, எதை எதற்கு மேல் வரைவது என்பதையெல்லாம் விரலாலேயே பழகிவிடலாம். விரலில் இரண்டு குறை. அழுத்தினால் தடிக்கும், லேசாக விட்டால் மெலியும் என்கிற கோடு கிடைக்காது. அப்புறம், புருவம் வரையும்போது வரைகிற விரலே கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கும். இந்த இரண்டும் உங்களுக்கே எரிச்சலாகத் தெரிய ஆரம்பிக்கும்போது வாங்குங்கள், போதும்.

பல டேப்லெட்டுகள் ஆண்ட்ராய்டு மொபைலோடும் சேரும், ஓடிஜி கனெக்டர் (மொபைலில் யூஎஸ்பி வயரைச் சொருக உதவும் சின்ன இணைப்பு) இருந்தால். ஆனால் மொபைலை நிமிர்த்தி வைத்தால் பலகையில் ஒரு சின்னப் பகுதிதான் வேலை செய்யும். அதை வைத்துக் காலம் தள்ள முடியாது.

பட்ஜெட் ஐயாயிரம்தான். எது வாங்குவது?

தாராளம். வாகாம், ஹூயான், எக்ஸ்பி பென், கேவோமோன் என்று நாலைந்து பெயர்கள் அடிபடும். முதல் டேப்லெட்டுக்கு இவற்றில் எதை எடுத்தாலும் குறை சொல்ல மாட்டேன். பெயரைவிட அளவைப் பாருங்கள். ஒன் பை வாகாம் வரிசையில் சின்னதன் வரையும் பரப்பு 152 மில்லிமீட்டருக்கு 95. நடுத்தரம் 216க்கு 135. சின்னதில் மணிக்கட்டை மட்டும் ஆட்டி வரைவீர்கள், நடுத்தரத்தில் முழங்கையும் சேர்ந்து நகரும். போட்டோ திருத்தவும் கார்ட்டூன் போடவும் சின்னது போதும். பெரிய வளைவுகள் வரைகிற ஆசை இருந்தால் கொஞ்சம் பொறுத்து நடுத்தரமாக வாங்குங்கள்.

மேலேயே திரை உள்ள டேப்லெட் பல மடங்கு விலை. அது முதல் டேப்லெட்டாக வேண்டாம் என்பதுதான் என் கட்சி. மேஜையில் கையும் திரையில் கண்ணுமாக ஒருமுறை பழகிவிட்டால் முதுகு வளையாமல் நிமிர்ந்து உட்கார்ந்தே வரையலாம். அந்த வசதியைத் திரை டேப்லெட் தராது.

வாங்கும் முன் மாற்று நிப் தனியாகக் கிடைக்கிறதா, பேனா தொலைந்தால் பேனா மட்டும் வாங்க முடியுமா என்று பார்த்துவிடுங்கள்.

8192 பிரஷர் லெவல் என்று போட்டிருக்கிறதே, 2048 மட்டம்தானா?

இல்லை. பேனாவின் அழுத்தத்தை எத்தனை படியாகப் பிரித்தறிகிறது என்பதுதான் அந்த எண். இப்போது 16384 வரை வந்துவிட்டது. இரண்டு பேர் இரண்டு டேப்லெட்டில் வரைந்த கோட்டைப் பக்கத்தில் வைத்தால், எது எந்த லெவல் என்று யாராலும் சொல்ல முடியாது. எவ்வளவு மெல்லத் தொட்டாலே கோடு விழ ஆரம்பிக்கிறது என்பதுதான் கைக்குத் தெரியும் வித்தியாசம். அதைப் பெட்டியில் பெரிதாகப் போட மாட்டார்கள். டிரைவரில் (டேப்லெட்டைக் கம்ப்யூட்டரோடு சேர்த்துவைக்கும் மென்பொருள்) பிரஷர் கர்வ் என்று ஒரு வளைகோடு இருக்கும். அழுத்தமான கை உள்ளவர்கள் அதைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாக் கோடும் ஒரே தடிப்பாக வரும்.

பேனாவில் பேட்டரியே இல்லை. அப்புறம் எப்படி வேலை செய்கிறது?

பலகைக்குள் கம்பிச் சுருள்கள் வலைபோல ஓடுகின்றன. அவை மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலத்தை வெளியே விடுகின்றன. பேனாவுக்குள்ளும் ஒரு சுருள் உண்டு. ஒரு கம்பியை மீட்டினால் அதே சுருதியில் இருக்கும் பக்கத்துக் கம்பி தானாக அதிருமே, அதுபோல இந்தச் சுருள் அதிர்ந்து, பதில் சமிக்ஞையைத் திருப்பி அனுப்புகிறது. அது எந்தச் சுருள்களின் மேல் பலமாக விழுகிறது என்பதை வைத்துப் பேனா இருக்கும் இடம் தெரிகிறது. நிப்பை அழுத்தும்போது அந்தச் சமிக்ஞை சற்றே மாறும். அந்த மாற்றம்தான் பிரஷர். அதனால்தான் பேனா பலகையைத் தொடாமல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மேலே இருக்கும்போதே கர்சர் நகர்கிறது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. லேப்டாப்பைச் சார்ஜில் போட்டதும் கோடு முடிமுடியாக நடுங்கினால், கையைச் சந்தேகிக்கும் முன் சார்ஜரைச் சந்தேகியுங்கள். எர்த் சரியில்லாத பிளக்கில் இப்படி வரும். சார்ஜரைக் கழற்றி ஒரு கோடு போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். நாலு நாளாக ஒரு வட்டம்கூட வரவில்லை. எனக்கு இது வராதோ?

வரும். எல்லாருக்கும் முதலில் இப்படித்தான். ஆனால் "பழகப் பழக வரும்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால் பாதிப் பேருக்குப் பிரச்சினை கையில் இல்லை, செட்டிங்கில் இருக்கிறது.

வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் டம்ளரைப் பலகையின் மேல் கவிழ்த்து வையுங்கள். பேனாவை அதன் விளிம்பை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். திரையில் வந்தது வட்டமா, முட்டையா? முட்டை என்றால், பலகையின் நீள அகல விகிதம் ஒன்று, திரையினுடையது ஒன்று, டிரைவர் ஒன்றை இழுத்து இன்னொன்றில் பொருத்தியிருக்கிறது. கை சரியாகப் போட்ட வட்டத்தைத் திரை நசுக்கிக் காட்டினால் மூளை எதைத்தான் கற்றுக்கொள்ளும்? டிரைவரைத் திறந்து விகிதத்தைக் காப்பாற்றும் தேர்வை டிக் செய்யுங்கள். பலகையின் ஓரத்தில் ஒரு கீற்று வீணாகும். போகட்டும். கம்ப்யூட்டரில் இரண்டு திரை இருந்தால், பலகை முழுவதும் ஒரு திரைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பலகையை வைக்கும் விதம். நோட்டில் எழுதுகிற பழக்கத்தில் நிறையப் பேர் அதைச் சாய்த்து வைக்கிறார்கள். பலகை சாய்ந்தால் நீங்கள் நேராக இழுக்கும் கோடு திரையில் சாயும். திரைக்கு நேராக, நடு மார்புக்கு எதிரே இருக்கட்டும். தினமும் அதே இடத்தில் வையுங்கள். மேஜையில் சாக்பீஸால் நாலு மூலையைக் குறித்து வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

இதெல்லாம் சரியான பிறகுதான் பயிற்சி. பயிற்சிக்கு நான் கொடுப்பது புள்ளிக்கோலம். ஒரு லேயரில் ஏழு வரிசையாக ஏழேழு புள்ளி, நேர்ப்புள்ளியாக வையுங்கள். காப்பி பேஸ்ட் கூடாது, ஒவ்வொன்றாகக் கையால். எங்கே வைக்க நினைத்தீர்களோ அங்கே பேனா இறங்குகிறதா என்பதுதான் முதல் பரீட்சை. மேலே புது லேயர் போட்டு, பேனாவை எடுக்காமல் சிக்குக் கோலம் இழுங்கள். புள்ளியைச் சுற்றிப் போகும் இழை எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளியில் போக வேண்டும். எந்தத் திசையில் வளையும்போது கை இடறுகிறது என்று கோலமே காட்டிக்கொடுத்துவிடும். வலக்கைக்காரர்கள் பலருக்குக் கீழே வலப்பக்கம் திரும்பும் வளைவில் இடறும். லேயரை அழித்துவிட்டு மறுபடி இழுங்கள். புள்ளி அப்படியே இருக்கும். தினமும் அரை மணி நேரம் போட்டால், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் கையைப் பற்றிய நினைப்பே போய்விடுகிறது. வாசலில் கோலம் போட்ட கை உள்ளவர்கள் இதில் சீக்கிரம் தேறிவிடுகிறார்கள், பிள்ளைகளுக்கு முன்னால். அது பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

கோடு மட்டும் இழுத்தால் நடுங்குகிறது.

மெதுவாக இழுக்கிறீர்கள். வேகமாக, தோளிலிருந்து இழுங்கள். தப்பினால் கன்ட்ரோல் இசட். கிரிட்டா என்ற வரையும் சாஃப்ட்வேரில் பிரஷ் ஸ்மூத்திங் என்ற இடத்தில் ஸ்டெபிலைசர் இருக்கிறது. அது கையின் நடுக்கத்தை வடிகட்டும். அதைக் கொஞ்சமாக வையுங்கள். முழுக்க ஏற்றிவிட்டால் கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபட்டு வரும், எல்லா முகமும் ரப்பர் பொம்மை மாதிரி ஆகிவிடும்.

பேனாவை வைத்து அழுத்தினால் ஒரு வளையம் சுற்றுகிறது, கோடு தாமதமாக விழுகிறது. பிரஷரும் இல்லை.

வளையம் விண்டோஸின் வேலை. அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் என்று அது எடுத்துக்கொள்கிறது. கன்ட்ரோல் பேனலில் பென் அண்ட் டச் போய், பிரஸ் அண்ட் ஹோல்டை நிறுத்திவிடுங்கள். பிரஷர் இல்லாததற்குப் பெரும்பாலும் காரணம் பழைய டிரைவர். வேறு கம்பெனி டேப்லெட் முன்பு போட்டிருந்தால் அதன் டிரைவரை முழுக்க நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, புதியதை ஏற்றுங்கள். பெட்டியில் வரும் சிடியை நம்பாமல் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்குங்கள். அப்படியும் வரவில்லை என்றால் கிரிட்டாவின் டேப்லெட் செட்டிங்கில் பேனாவின் அழுத்தத்தைப் படிக்க விண்டோஸ் இங்க், வின்டேப் என்று இரண்டு வழி இருக்கும். எது டிக் ஆகியிருக்கிறதோ அதை விட்டு மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

எந்த சாஃப்ட்வேர்? போட்டோஷாப் இல்லாமல் முடியுமா?

கிரிட்டா. இலவசம், திருட்டு காப்பி தேட வேண்டியதில்லை, வரைவதற்கென்றே செய்தது. ப்ரோக்ரியேட் ஐபேடில் மட்டும்தான் ஓடும், அதனால் அதை விட்டுவிடுங்கள். காமிக்ஸ் போட ஆசை என்றால் பின்னால் கிளிப் ஸ்டூடியோ பார்க்கலாம். ஒன்றை எடுத்து ஆறு மாதம் அதிலேயே இருங்கள். வாரத்துக்கு ஒரு சாஃப்ட்வேர் மாற்றுகிறவர்கள் மெனுக்களைத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப்தான் இருக்கிறது. இழுக்குமா?

அளவாக இழுக்கும். ஒரு கணக்குச் சொல்கிறேன். ஏ4 தாள், 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 2480க்கு 3508 பிக்சல், கிட்டத்தட்ட 87 லட்சம். ஒரு பிக்சலுக்கு நாலு பைட். ஆக, முழுக்கப் பூசிய ஒரு லேயர் சுமார் 35 எம்பி. இருபது லேயர் போட்டால் 700 எம்பி. மெமரி குறைவான மெஷினில் குரோமையும் திறந்து வைத்துக்கொண்டால் மூச்சுத் திணறத்தான் செய்யும். பழகும் காலத்தில் 150 டிபிஐ வைத்தால் இந்தக் கணக்கு நாலில் ஒரு பங்காகிவிடும். வேலை முடிந்த லேயர்களை அவ்வப்போது ஒன்றாக்குங்கள்.

எனக்கு வரையவே தெரியாது. பேப்பரில் பழகிவிட்டுத்தான் வர வேண்டுமா?

இரண்டையும் சேர்த்தே செய்யலாம். பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். நம் ஊரில் உட்கார்ந்து பார்த்து வரைவதற்குக் குறைவே இல்லை. எதை எதற்காக வரைகிறோம் என்று தெரிந்து வரைய வேண்டும், அவ்வளவுதான்.

வெளிச்சமும் நிழலும் பழக, திருமலை நாயக்கர் மகால். தூண்கள் வெளுப்பு, அதனால் நிறம் உங்களைக் குழப்பாது. உருண்டைத் தூணில் வெளிச்சப் பக்கத்திலிருந்து நிழல் பக்கத்துக்குப் போகும்போது, கடைசி விளிம்பில் தரையிலிருந்து எதிரொளி பட்டு மறுபடி கொஞ்சம் வெளுக்கும். அந்த மெல்லிய கீற்றைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் உருண்டையாக எதையும் வரைந்துவிடலாம். வீட்டுக்கு வந்து, டேப்லெட்டில் ஐந்தே ஐந்து சாம்பல் நிறங்களை மட்டும் வைத்து அதைத் திரும்ப வரையுங்கள்.

வெளிக்கோட்டுக்கு யானைமலை. ஒத்தக்கடைப் பக்கமிருந்து பாருங்கள். உள்ளே ஒரு கோடுகூட இல்லாமல், ஒரே கறுப்பு நிறத்தில் அந்த மலையை நிரப்பி, பார்க்கிறவர் "யானைமலை" என்று சொல்ல வேண்டும்.

கோபுரம் வரைய ஆரம்பிக்கிற எல்லாரும் பொம்மைகளில் மாட்டிக்கொள்கிறார்கள். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம்தான் நாலு வெளிக் கோபுரங்களில் உயரம், 170 அடியை ஒட்டி. அதன் ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள். நேர்க்கோடு மாதிரித் தெரியும், ஆனால் மேலே போகப் போக லேசாக உள்வாங்கி வளைந்திருக்கும். அதை நேர்க்கோடாகப் போட்டால் ஆயிரம் பொம்மை வரைந்தாலும் கோபுரம் விறைத்து நிற்கும். ஒரு லேயரில் வெளிவடிவம், அடுத்ததில் நிலைகளின் கிடைக்கோடுகள், அதற்கு மேல் வெளிச்ச நிழல். பொம்மைகளுக்குச் சின்னச் சின்னப் புள்ளி நிழல்களே போதும். கோயிலுக்குள் செல்போன் அனுமதி கிடையாது, அதனால் ரெஃபரன்ஸ் படத்தைச் சித்திரை வீதியில் நின்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, நான் ஃபிளெக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். மவுஸிலேயே எல்லாம் ஓடுகிறது. எனக்கு எதற்கு டேப்லெட்?

மற்ற எல்லாரையும்விட உங்களுக்குத்தான் போட்ட காசு முதலில் திரும்பும். காதணி விழா பேனர் ஒன்றுக்கு எத்தனை முகம் வெட்டுகிறீர்கள்? தாய்மாமன் வகையறா மட்டும் இருபது தலை இருக்கும். மாஸ்க்கில் (படத்தில் வேண்டாத பகுதியை மறைக்கும் அடுக்கு) பேனாவால் பூசும்போது தோள் ஓரத்தை அழுத்தமாகவும் முடி ஓரத்தை லேசாகவும் ஒரே இழுப்பில் முடித்துவிடலாம். மவுஸில் அதற்கு பிரஷ் அளவை மாற்றி மாற்றி உட்கார வேண்டும்.

அளவு பற்றி: 10க்கு 8 அடி பேனர், 72 டிபிஐயில் 8640க்கு 6912 பிக்சல். ஒரு லேயரே 240 எம்பிக்குப் பக்கம். பாதி அளவில் வரைந்து கடைசியில் பெரிதாக்குங்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. நிறம் பற்றி: திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, பிரிண்டர் மையால். கிளிப்பச்சையும் மின்னும் நீலமும் மையில் மங்கும். முக்கியமான வேலை என்றால் ஒரு சாண் அளவுக்கு முதலில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். கறுத்த முகங்களை ரோஸ் நிறமாக்காதீர்கள். வெயிலில் வேலை பார்த்த மாமாவின் முகத்தில் நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் இருக்கும் பளபளப்பை மெல்லிய பிரஷ்ஷால் எடுத்துக்காட்டினாலே அவர் அழகாக இருப்பார். வாடிக்கையாளர் வெள்ளையாக்கச் சொன்னால் இரண்டு விதமாகவும் செய்து காட்டுங்கள். நிறையப் பேர் கறுப்பையே எடுத்துக்கொள்கிறார்கள்.

போட்டோஷாப்பில் தமிழ் தட்டினால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகப் போகிறது.

யூனிகோடு எழுத்துக்கு அது வழக்கம்தான். பிரிஃபரன்ஸில் டைப் போய், வேர்ல்டு ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்புகளில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் என்று இருக்கும். பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் எழுத்தைப் படமாக்கிவிடுங்கள், அங்கே உங்கள் ஃபான்ட் இருக்காது. டேப்லெட் கையில் இருக்கும்போது தலைப்பு எழுத்தையாவது கையாலேயே எழுதிப் பாருங்கள். சுவர் விளம்பரக்காரர்கள் தட்டைத் தூரிகையில் போட்ட தடித்த எழுத்துகள் இன்னும் ஊர்ச் சுவர்களில் மிச்சம் இருக்கின்றன. அவற்றைப் படம் எடுத்து வந்து, எந்த இடத்தில் தடித்து எந்த இடத்தில் மெலிகிறது என்று பாருங்கள்.

சுங்குடிச் சேலை டிசைன் இதில் போட முடியுமா?

கிரிட்டாவில் டபிள்யூ கீயை அழுத்தினால் கேன்வாஸ் நாலு பக்கமும் தொடர்ந்து ஓடும். இடது ஓரத்தில் வெளியே போகும் கோடு வலது ஓரத்தில் உள்ளே வரும். திரும்பத் திரும்ப வரும் டிசைனுக்கு இதைவிட வசதி இல்லை. ஆனால் சுங்குடிப் புள்ளியை வட்ட பிரஷ்ஷால் குத்தினால் சாதாரணப் புள்ளிச் சட்டைத் துணி ஆகிவிடும். நிஜத்தில் துணியைக் கிள்ளி நூலால் கட்டிச் சாயத்தில் முக்குகிறார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது, அதுதான் புள்ளி. ஓரம் ஒழுங்காக இருக்காது, ஒன்று போல இன்னொன்று இருக்காது. அதனால் ஒவ்வொரு புள்ளியையும் வேறு வேறு அழுத்தத்தில் வையுங்கள். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஆகவே கணினியில் போட்டு அச்சடித்ததைச் சுங்குடி என்று சொல்லி விற்காதீர்கள்.

ஏம்மா, பையன் பத்தாவது. இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் மெதுவாக. பிளஸ் டூ முடித்து முறையாகப் படிக்க வேண்டும் என்றால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பல கல்லூரிகளில் இருக்கிறது. சேரும் முன் அங்கே வரைய எவ்வளவு நேரம் தருகிறார்கள் என்று கேளுங்கள். முதல் வருமானம் பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை கார்ட்டூன், பேனர், ஸ்டிக்கர் என்றுதான் வரும். டேப்லெட் வாங்கித் தந்ததற்காக மார்க்கைக் கேட்டு நெருக்காதீர்கள், அப்படிச் செய்தால் பையன் இரண்டையும் விட்டுவிடுவான்.

ஏஐ நொடியில் படம் போடுகிறதே?

போடட்டும். "அந்த அத்தை கையில் தாம்பாளம் வேண்டாம், குத்துவிளக்கு வையுங்கள், தாத்தாவைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவாருங்கள், முகம் அப்படியே இருக்கட்டும்" என்று நம் ஆட்கள் பத்துத் திருத்தம் சொல்வார்கள். அதைச் சொன்னபடி, சொன்ன இடத்தில் மட்டும் மாற்ற வரையத் தெரிந்த கை வேண்டும்.

கோடையில் கை பலகையில் ஒட்டுகிறது.

சித்திரை, வைகாசியில் எல்லாருக்கும்தான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மூடும் கையுறை விற்கிறார்கள். பழைய பனியன் துணியில் நீங்களே தைத்துக்கொள்ளலாம். பவுடர் போடாதீர்கள். நிப் ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து, தொட்டால் கூர்மையாகத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். மணிக்கட்டு வலித்தால் நாற்காலி உயரத்தைப் பாருங்கள், முழங்கை மேஜை மட்டத்தில் இருக்க வேண்டும். வலியோடு வரையாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோக முடிந்தால் வாங்கலாம். டிரைவரை முன்பே ஏற்றிக்கொண்டு போங்கள். வயர் சொருகும் துளையை மெல்ல ஆட்டிப் பாருங்கள், இணைப்பு விட்டு விட்டு வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஒரு ஸ்கேலை வைத்துப் பலகையின் மூலையிலிருந்து மூலைக்கு மெதுவாகக் கோடு இழுங்கள். எங்காவது கோடு உடைந்தாலோ படிக்கட்டு மாதிரி போனாலோ அங்கே பழுது. நிப்பை அழுத்தாமல் பேனாவைப் பலகைக்குச் சற்று மேலே பிடியுங்கள். கோடு தானாக விழுந்தால் பேனா போய்விட்டது என்று அர்த்தம். பேனாவே இல்லாமல் பலகையை மட்டும் பாதி விலைக்குத் தருகிறேன் என்பவரிடம், அந்த மாடலுக்குரிய பேனாவின் விலையை விசாரித்துவிட்டுப் பேசுங்கள். ஒரு கம்பெனிப் பேனா இன்னொரு கம்பெனிப் பலகையில் பெரும்பாலும் வேலை செய்யாது.